நாலு விரற்கடைச் செய்தி

இங்கிலாந்து ஐரோப்பாவோடு சேருவதா வேண்டாமா என்பதை லண்டன் பார்லிமெண்டில் அறுநூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை முடிவு செய்தது கோட்டாற்றிலிருந்து இரண்டு மைல் தெற்கே, எங்கள் மாட்டுத்தொழுவத்துக்கும் வைக்கோல் படப்புக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்ட உடைந்த உரலின் மேல் உட்கார்ந்திருந்த தெய்வநாயகம்தான். பாரிசிலும் லண்டனிலும் மந்திரிமார் மாறி மாறிக் கடிதம் எழுதிக் கஷ்டப்பட்டதற்குப் பதில் அவருக்கு ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் காரியம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். முகவரி தெரியாமல் போனது அவர்களுடைய கெட்ட நேரம்.

அந்தத் தெய்வநாயகம் என் அப்பா.

வாசகசாலை ஆண்டுவிழாவுக்குக் கையெழுத்துப் பத்திரிகை போடுகிறார்கள். ‘நம்மூர் மனிதர்’ என்று ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் ஞானசிங் அண்ணன் என்னிடம் கேட்டார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவளிடம் கேட்டதற்கு ஒரு காரணம், என் கையெழுத்து அழகாக இருக்கும். இன்னொரு காரணம், கேட்காவிட்டால் அவருடைய பசைச் சட்டிக்குள் கட்டெறும்பை விட்டுவிடுவேன் என்ற பயம். இரண்டுமே நியாயமான காரணங்கள்.

அப்பாவுக்கு வேலை நெல் அளப்பது. அறுப்பு முடிந்து, சூடடித்து, தூற்றி, களத்தில் நெல்லைக் குவித்த பிறகு நிலத்துக்காரர் ஒரு பக்கமும் பாட்டக்காரர் மறுபக்கமும் நிற்பார்கள். நடுவில் அப்பா மரக்காலோடு குனிவார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார். “லாபம்” என்பார். பிறகு ரெண்டு, மூணு என்று ராகமாகப் போகும். ஒவ்வொரு தடவையும் மரக்காலின் வாயைக் கோலால் வழித்துத் தலை தட்டுவார். தட்டிய பிறகு ஒரு நெல் மேலே துருத்தி நிற்காது, ஒரு நெல் அளவு பள்ளமும் இருக்காது. எங்கள் ஊரில் சண்டைக்காரர் இரண்டு பேரும் ஒரே ஆளை நம்புவது என்பது அப்பா விஷயத்தில் மட்டும்தான் நடக்கும்.

அந்தத் தொழில் அவர் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. குழம்பில் உப்பு சரியா என்று அம்மா கேட்டால், “இன்னும் ரெண்டு உருண்டை உள்ள போட்டும், சொல்லுகேன்” என்பார். அம்மா அதற்குள் அடுப்பை அணைத்துப் பாத்திரமும் கழுவிவிடுவாள். நெல் குவியலைக் காட்டி எத்தனை கோட்டை வரும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: “அளக்காம வாக்கு சொல்ல மாட்டேன்.” ஒருமுறை மரக்காலுக்குள் தவளையைப் பிடித்து வைத்தேன். “லாபம்” என்று அப்பா கவிழ்த்தபோது தவளை துள்ளிக் குதித்தது. களமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. “தவளை எவ்வளவு எடத்த அடைச்சிருந்துன்னு தெரியாதுலா, திரும்ப அளக்கணும்” என்று முதலிலிருந்து தொடங்கினார்.

நெல்லின் சொணை, அந்த அரிக்கிற தூசி, விழுந்து விழுந்து அவருடைய கண் மங்கிப்போயிற்று. நெல் தெரியும், எழுத்து தெரியாது. வாசகசாலையில் வாசிப்பதைவிடச் சண்டை அதிகம் என்று அங்கே போவதையும் நிறுத்திவிட்டார். அதனால் முந்தின நாள் பத்திரிகையை ஞானசிங் அண்ணனிடம் வாங்கி வந்து சாயங்காலம் நான்தான் வாசித்துக் காட்டுவேன். வாசிக்கும் முன்பு, “எங்கட்டி இருக்கு?” என்பார். செய்தி இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டவேண்டும். அதன்மேல் விரல்களைப் படுக்க வைத்து, “ஆறு விரக்கடை. பெரிய சேதிதான்” என்பார். பிறகு வெற்றிலையை எடுத்து மடிப்பார். அப்புறம்தான் நான் வாயைத் திறக்கலாம்.

போன வருஷம், 1950 வைகாசி பிறக்கிற சமயத்தில் ஒரு சாண் நீளச் செய்தி ஒன்று வந்தது. பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் உருக்கையும் ஒன்றாகப் போட்டு, எல்லோருக்கும் மேலே ஒரே அதிகார சபையை வைக்கப் போகிறார்களாம். விருப்பமுள்ள மற்ற நாடுகளும் சேரலாமாம். ஐந்து வருஷம் முன்புவரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். பீரங்கி செய்கிற இரும்பே பொதுவில் கிடந்தால் இனி ஒருத்தன் தனியாகச் சண்டைக்குக் கிளம்பமுடியாது என்பது யோசனை.

அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

“அப்பம், எல்லா வயலுக்கும் ஒரே களம். ஒரே மரக்கா.”

“அப்பிடித்தான் போல.”

“அளக்கப்போறவன் ஆருட்டி?”

“அது இன்னும் முடிவாகல்லயாம்.”

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பாரிசில் தமக்கு ஒரு வேலை காலியாக இருப்பதுபோல் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் திருவிழாதான். புதுப் பத்திரிகை கொண்டுவருகிற நாலரை மணி பஸ் சத்தம் கேட்டதும் அப்பா உரலின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். பழையதை வாங்க நான் வாசகசாலைக்கு ஓடுவேன். இங்கிலாந்து என்ன சொல்லிற்று என்பதுதான் கேள்வி. பிரெஞ்சுக்காரர் கேட்டது இது: ‘கொள்கைக்கு முதலில் சம்மதம் சொல்லுங்கள், பிறகு வந்து உட்கார்ந்து மற்றதைப் பேசலாம்.’ இங்கிலாந்து சொன்னது இது: ‘முதலில் வந்து உட்கார்ந்து பேசுகிறோம், என்ன ஏது என்று தெரிந்த பிறகு சம்மதம் சொல்கிறோம்.’

“இங்கிலீஷ்காரன் சொல்லுகது செரி. அளந்து பாக்காம எவன் ஒத்துக்கிடுவான்? அவன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான். அளக்காம கை வைக்க மாட்டான்.”

அம்மா தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். “நம்மளையும் அளந்துதானே கொண்டுபோனான். மூணு வருசம் முன்ன கப்பலேறிப் போனவன நீங்க எதுக்கு இன்னும் பிடிச்சிட்டு நிக்கியோ?”

“செல்லத்தாயி, நீ பாலச் சிந்தாம கறக்கப் பாரு.”

இந்தச் சமயத்தில்தான் அம்மாவின் அண்ணன் தாணுமாலயன் மாமா திருவட்டாற்றிலிருந்து சேதி கொண்டு வந்தார்.

அதற்கு முன்பு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சண்முகவடிவு என்னைவிட ஐந்து வயது மூத்தவள். திருவட்டாற்றுக்காரர் கைலாசநாதன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் வாத்தியாராக இருந்தார். அவர் பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிற நேரமும் அக்கா கிணற்றுக்குப் போகிற நேரமும் அந்த ஆறு மாதமும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போன அன்று அக்கா வாளியில்லாமல் வெறும் கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டாள். இதை நான் பத்து பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கவேண்டும். ஏனோ ஒருவரிடமும் சொல்லவில்லை.

மாமா சொன்னது: வாத்தியாரின் அம்மா அழகியநாயகி அக்காவைக் கேட்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை. சம்மதம் என்று முதலில் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் வீடு பார்க்க வரலாம்.

“முன்ன ரெண்டு எடத்துக்காரங்க வந்து, வீட்டப் பாத்து, காப்பியும் குடிச்சிட்டுப் போனாங்க. பொறவு ஒரு சொல்லும் வரல்ல. அந்த அம்மைக்கு மனசு விட்டுப்போச்சு. இனிமே பாத்துட்டுப் போறவங்க வேண்டாம்னு இருக்கா. ஆனி இருபதுக்குள்ள சொல்லணும். இல்லேன்னா வேற எடம் பாப்பா.”

“வீட்டில என்னவே குறை?” என்றார் அப்பா.

“பாத்தா தெரியும்.”

“பாக்கணும்னா சம்மதம் சொல்லணும்.”

“அதேதான்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தியாட்டி. பிரெஞ்சுக்காரன் திருவட்டாறு வரைக்கும் வந்துட்டான்.” பிறகு மாமாவிடம், “இங்கிலாந்துக்கும் இதே கேள்விதான் வந்திருக்கு. அவன் என்ன செய்யான்னு பாத்துட்டுச் சொல்லுகேன்” என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். அக்கா அடுக்களையில் முறத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

ஒரு வாரத்தில் செய்தி வந்துவிட்டது. பிரான்ஸ் கொடுத்த கெடு முடிந்தது; இங்கிலாந்து வரவில்லை என்று சொல்லிவிட்டது; ஆறு நாடுகள் இங்கிலாந்து இல்லாமலே பேசப் போகின்றன. அப்பா தொடையில் தட்டினார். “நான் சொன்னேம்லா!” ஊருக்கே கேட்டிருக்கும். அடுக்களையில் அக்கா புடைத்த அரிசியை மறுபடியும் புடைத்தாள். மறுபடியும். கல்லே இல்லாத அரிசி அது. காலையில் நான்தான் பொறுக்கியிருந்தேன்.

அம்மா சண்டை போட்டாள். “உங்க மகளைக் கெட்டிக் குடுக்கது இங்கிலாந்து ராசாவா, நீங்களா?”

“அளக்காம வாக்கு சொன்னா களத்தில எவன் என்னை நிக்க விடுவான்? ஒரு தடவ சொல்லிட்டா அது சொல்லுதான். நாளைக்கு அங்க என்னவாச்சும் இருந்து இவ கஷ்டப்பட்டா, ஆரு அளந்துதுன்னு ஆருகிட்டப் போய்க் கேப்பேன்?”

அவர் பிடிவாதத்துக்குள் இருந்தது பயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இங்கிலாந்து சேர்ந்தால் அக்காவுக்குக் கல்யாணம். சேராவிட்டால் இல்லை. சேராவிட்டால் என்ன, நான் சேர்த்து வைக்கிறேன்.

ஆனி பதினாலாம் தேதி வாக்கில் நல்ல வேளை வந்தது. கொரியாவில் சண்டை வெடித்து, பத்திரிகை முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டது. இங்கிலாந்துச் செய்தி ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டது. பார்லிமெண்டில் எதிர்க்கட்சி, ‘பேச்சில் கலந்துகொண்டிருக்கவேண்டும்’ என்று தீர்மானம் கொண்டுவந்து வாதாடியதாம். நான் தொட்டுக் காட்டினேன். “நாலு விரக்கடை” என்று அப்பா வெற்றிலையை மடித்தார்.

முதல் நாள், எதிர்க்கட்சிக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் மந்திரி ஒருவர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்ததாக வாசித்தேன். இரண்டாம் நாள், மந்திரிமார் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடி, ‘அக்கம்பக்கத்தாரோடு ஒட்டாமல் எத்தனை நாள் தனியாக இருப்பீர்கள்’ என்று கேட்டதாக வாசித்தேன். அம்மா தொழுவத்திலிருந்து, “பாத்தியா, அங்கயும் பொம்பளைக்குத்தான் புத்தி இருக்கு” என்றாள். வெறும் பொய்யாகவே இருந்தால் சந்தேகம் வரும் என்று, மிச்சம் கிடந்த உண்மை வரிகளையும் நடுவில் சேர்த்துக்கொண்டேன். “நெதர்... நெதர்லந்... நெதர்லாந்து, அதாவது ஹாலந்து நாடு, கொள்கைக்கு இப்போதே சம்மதம் சொல்லிப் பேச்சில் கலந்துகொண்டாலும், நடைமுறைக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் விலகிக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று அறிவித்துள்ளது.” மூன்றாம் நாள் இங்கிலாந்துக்காரர் கப்பலேறிப் பாரிசுக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தாம்பூலத் தட்டு ஒன்றும் கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன். என் நாக்கை நானே பிடித்துக்கொண்டேன்.

இந்தத் தடவை அப்பா தொடையில் தட்டவில்லை. உரலைவிட்டு எழுந்து படப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

மறுநாள் காலையில் மாமாவைக் கூட்டிக்கொண்டு திருவட்டாற்றுக்குப் பஸ் ஏறினார். அக்காவுக்கு நான் செய்தது எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்கு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அங்கே நடந்ததை மாமா வந்து சொன்னார். அப்பா வாசல்படியைக்கூட மிதிக்கவில்லையாம். முற்றத்தில் நின்றபடி சொன்னாராம்: “சம்மதம். என் வாக்கு இது. உள்ள வந்து எட்டிப் பாக்க மாட்டேன். ஆனா ஹாலந்துக்காரன் சொன்னதுபோல ஒரு சொல் இருக்கு. எம்மக ஒரு தடவ வந்து பாக்கட்டும். ஒத்துவராதுன்னு அவளுக்குத் தோணினா, அவ விலகிக்கிடுவா. நீங்க அதுக்கு வருத்தப்படப்பிடாது. இந்த வீட்டில இருக்கப்போறவ அவ. அளக்க வேண்டியவளும் அவதான்.”

அழகியநாயகி, “ஹாலந்துக்காரரு ஆரு, உங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டாளாம்.

“தூரத்துச் சொந்தம்.”

“அவ்வோ நல்ல மனுசரா இருக்கணும். பிள்ளைய அனுப்புங்கோ. இதுவரை எவனும் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுகேன்னு இங்க வந்து சொன்னதில்ல.”

அம்மா சந்தோஷத்தில் மாமாவுக்கு இரண்டாம் தடவை காப்பி போட்டாள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நான்தான் இங்கிலாந்தைப் பாடுபட்டுப் பாரிசுக்கு அனுப்பி வைத்தேனே. அப்பா எதற்கு ஹாலந்தைப் பிடித்தார்?

கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் அந்த வெள்ளிக்கிழமை திருவட்டாற்றுக் கோவிலில் ஆதிகேசவனைக் கும்பிடப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கும்பிட்டோம். பிறகு கோவிலுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்குப் போனோம்.

வீட்டில் இருந்தது வாத்தியாரின் தம்பி. பதினெட்டு வயசு. பேச்சு வராது. நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெற்றவள் காலத்துக்குப் பிறகு அவனை அண்ணன்தான் பார்க்கவேண்டும். முன்பு வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் பேசாமல் போனதன் காரணம் அதுதான். அழகியநாயகி யாருடைய முகத்தையும் பார்க்காமல் அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் உட்கார்ந்த கொஞ்சநேரத்தில் அக்காவின் பூக்கூடையைக் காணவில்லை. என் குடையையும் காணவில்லை. தம்பி மட்டும் மேற்கூரையைப் பார்த்தபடி மிகவும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். அக்கா மெதுவாக எழுந்து, பத்தாயத்துக்குப் பின்னால் கையை விட்டுக் கூடையையும் குடையையும் எடுத்தாள். பிறகு அவன் திரும்பிய நேரம் பார்த்து ஒரு பிடி புளியங்கொட்டையை அள்ளி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவன் வரிசையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், வீடு அதிரச் சிரித்தான். அழகியநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அப்பாவின் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னாள்: “தலை தட்டியாச்சு அப்பா. சரியா இருக்கு.”

பஸ்ஸில் வரும்போது நான் ஊருக்கே ராணிபோல் உட்கார்ந்திருந்தேன். வீடு வந்து கால் கழுவியதும் அப்பா கூப்பிட்டார்.

“ஏட்டி பகவதி. என் பாய்க்கடியில மூணு தாள் இருக்கு. எடு.”

எடுத்தேன். மூன்று நாள் பத்திரிகை. மூலையில் இருந்த இங்கிலாந்துச் செய்தியின் மேல் விரல்களைப் படுக்க வைத்தார்.

“நாலு விரக்கடை. மத்த நாளும் நாலுதான். நாலு விரக்கடைச் சேதிக்கு நான் ஒரு வெத்தில போட்டு முடிப்பேன். நீ வாசிச்ச மூணு நாளும் ரெண்டாவது வெத்தில தீந்து, மூணாவதுக்குச் சுண்ணாம்பு தடவிட்டு இருந்தேன். எங்கேருந்துட்டி வந்து அம்புட்டுச் சேதி?”

நான் தூணைப் பார்த்தேன்.

“அளவு கூடுதுன்னு முதல் நாளே தெரிஞ்சு. எது நெல்லு, எது பதருன்னுதான் தெரியல்ல. அதான் தூத்திப் பாத்தேன். நிசச் சேதின்னா பேரு வார எடத்தில எல்லாம் நீ தடுக்கி விழுவ. அந்த ஹாலந்து நாட்டுப் பேருக்கு ரெண்டு தடவ விழுந்த. அது நெல்லு. இங்கிலாந்து கப்பலேறினது எண்ணெய் போட்டாப்பில வழுக்கிட்டு வந்து. அது பதரு.”

“பின்ன ஏன் அப்பா ஒண்ணும் கேக்கல்ல?”

“கேட்டா நெல்லும் சேந்து போயிருக்கும்லா.” அப்பா தாள்களை மடித்தார். “நிசமா இங்கிலாந்து என்னதான் செய்தான்?”

“சேரல்ல.”

“செரி. அவனுக்கு என்ன கஷ்டமோ.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் தம்பி எல்லோருடைய செருப்பையும் ஜோடி மாற்றி வைத்தான். நானும் கூட இருந்தேன் என்பதை அவன் இன்றுவரை யாருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் அக்கா பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக அவள் கை தெரிந்தது, பிறகு பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது, பிறகு தூசி.

எல்லோரும் உள்ளே போன பிறகு நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போனேன். அங்கே யாரும் வரமாட்டார்கள் என்றுதான் போனேன். அப்பா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொணை” என்றார். கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஊரில் எந்தக் களத்திலும் ஒரு நெல் கிடையாது. “எனக்கும் சொணைதான் அப்பா” என்றேன். இரண்டு பேரும் சொணை போகும்வரை நின்றோம்.

இந்தச் சித்திரையில் ஆறு நாடுகளும் பாரிசில் கையெழுத்துப் போட்டுவிட்டன. ஹாலந்து விலகவில்லை. இங்கிலாந்து இன்னும் வெளியில்தான் நிற்கிறது. அந்தச் செய்தியை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் வாசித்தேன். ஒரு வெற்றிலையோடு முடிந்தது.

இதை எழுதி முடித்ததும், ஞானசிங் அண்ணனிடம் கொடுக்கும் முன்பு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முதலில் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் விரலைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இங்கிலாந்தைத் தாம் முடிவு செய்ததாக எழுதியிருந்த இடத்தில் இருமினார். தவளைக்கு இப்போதுதான் சிரித்தார். நான் கடைசிவரை வாசித்துத் தாளை மடித்தேன்.

அப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஏட்டி. பஸ் போச்சு. தூசி அடங்குமுன்ன ஆறு நாடும் கையெழுத்துப் போட்டாச்சு. நடுவில ஒரு மரக்கா குறையுதே.”

“இல்லப்பா, அவ்வளவுதான்.”

“தாளு அளவு எனக்குத் தெரியும், நீ ஒரு எடத்தத் தாண்டிட்ட. படப்புக்குப் பொறத்த ஒண்ணும் நடக்கல்லயா?” கண்ணைத் துடைத்துக்கொள்ள இப்போதே துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “விரிச்சு வாசி. தலை தட்டாம வாசி.”